உங்கள் காட்டு வழியே டவர் லைன் வருகிறதா? பாதிப்பை நீங்களே கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தைக் 'காடு' என்றுதான் சொல்வோம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது புன்செய். வனத்துறை வரைபடத்தில் அது ஒரு வெற்றிடம். உயர்மின் கோபுரம் வரும்போது இந்த வேறுபாட்டின் முழு எடையும் நம் தலையில் இறங்குகிறது.

காரணம் இதுதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. சுரங்கம், அணை, அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை எல்லாம் அதில் இருக்கின்றன. மின்தொடர் பாதை இல்லை. வனத்தைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்குவார்கள். சரணாலயம் குறுக்கிட்டால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். மீதிக் கிலோமீட்டர்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது, பாதிப்பு அறிக்கையும் கட்டாயம் கிடையாது.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் 800 கிலோவோல்ட் நேர்மின் (டி.சி.) பாதை நம் மேற்கு மாவட்டங்களுக்குள் நுழைந்தபோது இதைத்தான் கண்டோம். 2018 டிசம்பரில் உழவர்கள் ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்தார்கள். இழப்பீட்டுத் தொகை பற்றிய பேச்சு செய்தித்தாள்களில் வந்தது. வெட்டப்போகும் மரங்கள் எத்தனை, எந்தக் குளத்துப் பறவைகளின் வழியில் கம்பி வருகிறது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் வைக்க நம்மிடமும் ஒரு தாள் இருக்கவில்லை.

அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதற்காகவே இந்த வழிகாட்டி. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை. முப்பந்தல் காற்றாலை மின்சாரம் ஊருக்கு வந்து சேரவும் கம்பி வேண்டும். எந்த வழியாக, எப்படி வருகிறது என்பதில்தான் சேதத்தின் பெரும்பங்கு தீர்மானமாகிறது.

படி 1: வருவது எந்தக் கம்பி?

'ஹை டென்ஷன் லைன்' என்று பொதுவாகச் சொன்னால் எதையும் கணக்கிட முடியாது. மின்னழுத்தம் எவ்வளவு, மாறுமின்னோட்டமா (ஏ.சி.) நேர்மின்னோட்டமா (டி.சி.), ஒற்றைச் சுற்றா இரட்டைச் சுற்றா (ஒரே டவரில் ஒரு தொகுதிக் கம்பியா, இரண்டு தொகுதியா) என்ற மூன்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள். இதை வைத்துத்தான் பாதையின் அகலம் முடிவாகிறது. வழக்கத்தில் உள்ள அளவுகள்: 110 கிலோவோல்ட் என்றால் 22 மீட்டர், 220-க்கு 35, 400-க்கு 46, 765 இரட்டைச் சுற்றுக்கு 67, 800 கிலோவோல்ட் நேர்மின் பாதைக்கு 69.

இதை ஏக்கராக்கிப் பாருங்கள். 400 கிலோவோல்ட் பாதை ஒரு கிலோமீட்டர் போனால் அதன் நிழலில் 4.6 எக்டேர், அதாவது பதினொன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வரும். 800 கிலோவோல்ட் என்றால் 17 ஏக்கர். "டவர் நிற்கிற இடம் மட்டும்தானே போகும்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

படி 2: கோடு போகும் வழியைக் காகிதத்தில் பிடியுங்கள்

சர்வேக்காரர்கள் கல் நட்டு, சுண்ணாம்பு அடையாளம் போட்ட பிறகு ஓடுவதைவிட, அதற்கு முன்பே பாதை தெரிந்தால் பத்து மடங்கு பலன். திட்டம் பற்றிய பொது அறிவிப்பு செய்தித்தாளிலும் அரசிதழிலும் வரும். ஊர்ப் பெயர்கள் அதில் இருக்கும். ஆட்சேபணை தெரிவிக்கக் கெடுவும் குறித்திருப்பார்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை: பாதை வரைபடம், புல எண் வாரியாக டவர் அமையும் இடங்களின் பட்டியல், பரிசீலித்த மாற்றுப் பாதைகள், அவற்றை ஒதுக்கியதற்கான காரணம். கடைசி இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். பொதுவாக மூன்று பாதைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்திருப்பார்கள். அந்த ஒப்பீட்டில் குளமும் மேய்ச்சல் நிலமும் இடம்பெற்றனவா என்பது உங்கள் வாதத்துக்கு அடித்தளம். பாதை எங்காவது வனத்தைத் தொட்டால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்த விண்ணப்பம் இருக்கும். அதனுடன் இணைத்த வரைபடக் கோப்பைக் கைபேசியிலேயே திறந்து பார்க்கலாம்.

கிடைத்த பாதையைப் புல வரைபடத்தின் மேல் பென்சிலால் வரையுங்கள். இரண்டு பக்கமும் பாதி அகலத்தைக் குறியுங்கள். இதற்கு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் போதும்.

படி 3: நடந்து பார்த்து எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். நான்கைந்து பேர் சேருங்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். எந்தப் பொந்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காட்டை எடுத்துக்கொள்வோம். வெளியூர்ப் பொறியாளருக்கு அது ஒன்றும் விளையாத தரிசாகத் தெரியும். கொழுக்கட்டைப் புல் தரையைப் பிடித்திருக்கும், அதன் மேல் வெள்வேல மரங்கள் விட்டுவிட்டு நிற்கும், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. வறட்சியில் புல் காய்ந்தாலும் வெள்வேல் நெற்று ஆட்டையும் காங்கயம் மாட்டையும் தாங்கும். வேலிக்குள் கீரி, ஓணான், கௌதாரி, காடை எல்லாம் வாழும். மரம் போனால் நிழல் போகும், நெற்று போகும், கோடை மேய்ச்சல் போகும். அதனால் 'தரிசு' என்ற சொல்லை எந்த ஆவணத்திலும் அனுமதிக்காதீர்கள். 'பல்லாண்டு மேய்ச்சல் நிலம்' என்று எழுதச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, இனம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு, தோராய உயரம், கூடு அல்லது பொந்து உண்டா என்று எழுதுங்கள். ஒரு படம், இருப்பிடக் குறியுடன். பனை, வேம்பு, தென்னை என்று காசு வருபவற்றை எல்லோரும் எண்ணிவிடுவார்கள். ஓடைக்கரை நொச்சியையும் கிளுவை வேலியையும் எண்ண மறப்பார்கள். வேலியை மீட்டரில் அளந்து எழுதலாம்.

உயரம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 400 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மரத்துக்கும் கம்பிக்கும் இடையே 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். கழித்துப் பாருங்கள், கம்பி அதிகம் தொய்யும் இடத்தின் அடியில் 3 மீட்டருக்குச் சற்று மேல் வரைதான் எதுவும் வளரலாம். ஆனால் தொய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. இரண்டு டவருக்கு நடுவே கம்பி தாழ்ந்திருக்கும், டவரை ஒட்டி மிக உயரத்தில் இருக்கும். ஆகவே டவர் பக்கத்து மரங்கள் பலவற்றை வெட்டத் தேவையே இல்லை, கிளை கழித்தால் போதும். பள்ளத்தைத் தாண்டும் இடத்திலும் இதே கதைதான்: கரையில் டவர், அடியில் பள்ளம் என்றால் ஓடைக்கரைச் சோலை தப்பிக்கும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் இதையெல்லாம் பார்க்காமல் மொத்தமாக ரம்பத்தை ஓட்டுவார்கள். மர எண்ணும் உயரமும் எழுதிய தாள் கையில் இருந்தால் 'இது ஏன்?' என்று மரம் மரமாகக் கேட்கலாம்.

நீர்நிலைகளுக்குத் தனிப் பக்கம். குட்டை, தடுப்பணை, வாய்க்கால், மழைநீர் ஓடும் பள்ளம், கிணறு, ஆழ்குழாய்க் கிணறு. டவரின் நான்கு காலும் மழைநீர்ப் பாதையில் விழுந்தால் ஒரே பருவமழையில் வரப்பு அரித்துவிடும். இன்னொன்று, கம்பிக்கு அடியில் ரிக் வண்டியின் கோபுரத்தை நிமிர்த்த முடியாது. வருங்காலத்தில் போர் போடவோ பழையதை ஆழப்படுத்தவோ வழியில்லாத இடங்களை இப்போதே குறியுங்கள்.

படி 4: பறவைகளின் பாதை

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் மயில் மின்சாரம் தாக்கிச் சாவது பெரும்பாலும் 11, 22 கிலோவோல்ட் விநியோகக் கம்பிகளில். அங்கே கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் இறக்கை இரண்டைத் தொட்டுவிடும். உயர்மின் பாதையில் கம்பிகளுக்கு இடையே பல மீட்டர். அங்கே சாவு மோதலால் வருகிறது. அதிலும் தடித்த மின்கம்பியைவிட, உச்சியில் இடிதாங்கியாக ஓடும் மெல்லிய கம்பிதான் எமன். தடித்த கம்பியைக் கண்டு மேலே எழும்பும் பறவை அந்த மெல்லிய கம்பியில் போய் அடிபடும்.

கனமான உடலும் அகலம் குறைந்த இறக்கையும் உள்ள பறவைகளால் சட்டென்று திரும்ப முடியாது. வறண்ட புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில் இதற்கு மிகத் துயரமான சான்று. தலையைத் தாழ்த்திப் பறக்கும்போது நேர் முன்னால் உள்ளதை அது சரியாகப் பார்க்காது. ராஜஸ்தானின் தார் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 18 கானமயில்கள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. மொத்தமே நூற்றைம்பது அளவில் எஞ்சிய இனம் அது. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அந்த வாழிடத்தில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவை அமைத்தது. ஒரு காலத்தில் கோவை மாவட்டத்துச் சூலூர்ப் பக்கமும் திரிந்த பறவை இன்று தமிழ்நாட்டில் இல்லை.

நம்மிடம் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வருகின்றன. ஈரோடு வெள்ளோடு, திருப்பூர் நஞ்சராயன் குளம் போன்ற ராம்சார் தளங்களை (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களை) பாதை நேரடியாகத் தொடாமல் இருக்கலாம். ஆனால் பறவை ஒரே குளத்தில் அடைந்து கிடப்பதில்லை. காலையில் இரை தேடி ஒரு குளம், மாலையில் அடைய இன்னொன்று. உங்கள் பாதை இரண்டு குளங்களுக்கு நடுவே போகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கணக்கெடுப்பு எளிது. விடியலுக்கு அரை மணி முன்பிருந்து இரண்டு மணி நேரமும், மாலை அடையும் நேரம் இரண்டு மணி நேரமும், கம்பி வரப்போகும் இடத்தில் உட்காருங்கள். எந்த இனம், எத்தனை, எந்தத் திசை, பனை உயரத்துக்குக் கீழேயா மேலேயா. இதைக் கார்த்திகை முதல் மாசி வரை மாதம் இரண்டு நாள் செய்தால் போதும். வலசை வரும் மாதங்களை விட்டுவிட்டு ஆனியில் எண்ணினால் தாளில் ஒன்றும் இருக்காது, 'பறவைகள் இல்லை' என்று எதிர்த்தரப்பு அதையே சான்றாக்கிவிடும்.

யானை வழித்தடம் உள்ள ஊர்களில் இன்னொரு கவலை உண்டு. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேட்டில் ஏறிய ஓர் ஆண் யானை மேலே சென்ற மின்கம்பி தொட்டு இறந்தது. கம்பியின் உயரத்தைச் சமதரையிலிருந்து அளக்கிறார்கள். யானை மேட்டில் நிற்கும், துதிக்கையையும் தூக்கும். கரை, மேடு, பாறை எங்கே கம்பிக்கு அடியில் வருகிறது என்று குறியுங்கள்.

படி 5: வேலை நடக்கும் மாதங்கள்

கம்பி நிரந்தரம் என்பதால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். நான் பார்த்த வரையில் மண்ணுக்கு மோசமான சேதம் கட்டுமானத்தின்போது நடக்கிறது. அஸ்திவாரக் குழி தோண்டும்போது அடியில் கிடக்கும் சுக்காம்பாறையும் வெள்ளை மண்ணும் வெளியே வந்து மேல் மண்ணின் மேல் குவியும். கான்கிரீட் கலவை வண்டியை அங்கேயே கழுவி ஊற்றுவார்கள். லாரித் தடம் ஈர மண்ணை இறுக்கினால் மூன்று நான்கு போகம் அங்கே வேர் இறங்காது. டயரில் ஒட்டி வரும் பார்த்தீனியமும் சீமைக்கருவேல விதையும் அடுத்த மழையில் முளைக்கும்.

வேலை தொடங்குமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. மேல் மண்ணைத் தனியாகக் குவித்து, கடைசியில் மேலேயே பரப்ப வேண்டும். வண்டிகள் ஒரே தடத்தில் போக வேண்டும். கம்பி இழுப்பு அறுவடை முடிந்த பிறகு நடக்க வேண்டும். கிளுவை வேலியை அறுத்த இடத்தில் போத்து நட்டு மூட வேண்டும். இதெல்லாம் பெரிய செலவில்லை. கேட்காதவருக்குச் செய்வதில்லை, அவ்வளவுதான்.

படி 6: மின்புலமும் உடல்நலமும்

கம்பிக்கு அடியில் டியூப் லைட்டைக் கையில் பிடித்தால் எரியும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான். மாறுமின் கம்பியைச் சுற்றி மின்புலம் இருக்கிறது, அது குழாய்க்குள் இருக்கும் வாயுவைத் தூண்டுகிறது. ஆனால் அதிலிருந்து 'புற்றுநோய் நிச்சயம்' என்று தாவுவது தவறு. அப்படிப் பேசினால் நம் மற்ற நியாயமான கோரிக்கைகளும் மதிப்பிழக்கும்.

தெரிந்தது இவ்வளவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை '2பி', அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் வைத்தது. சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் நீண்ட காலம் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. காந்தப்புலம்தான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. நேர்மின் பாதையின் நிலைப்புலங்களை அதே முகமை வகைப்படுத்தப் போதிய சான்றில்லாத மூன்றாம் பிரிவில் வைத்தது. மாறுமின் பாதைக்கு, பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு மீட்டருக்கு 5 கிலோவோல்ட் மின்புலம், 200 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம். கம்பியிலிருந்து விலக விலக இரண்டும் வேகமாகக் குறையும்.

இதிலிருந்து நடைமுறைக்கு என்ன எடுக்கலாம்? வீடு, பள்ளி, அங்கன்வாடி ஆகியவை பாதையின் ஓரத்தில் உரசிக்கொண்டு நிற்காமல் பாதையை நகர்த்தக் கேளுங்கள். நிச்சயமில்லாத இடத்தில் முன்னெச்சரிக்கை கேட்பது நியாயம். பாதை இயங்கத் தொடங்கியதும் முழுச் சுமை ஓடும் நேரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

உறுதியாக உள்ள ஆபத்து வேறொன்று, அதைப் பலர் பேசுவதில்லை: தூண்டல் மின்சாரம். மாறுமின் பாதைக்கு இணையாக நீளமாக ஓடும் முள்கம்பி வேலியில் மின்னழுத்தம் ஏறும். தொட்டால் சுரீர் என்று பிடிக்கும். வேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து நிலத்தில் இணைப்புக் கொடுத்தால் தீரும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். தேங்காய் பறிக்கும் அலுமினியக் கம்பை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இரைச்சலிலும் வேறுபாடு உண்டு. மாறுமின் கம்பி தூறலிலும் பனியிலும் அதிகமாகச் சீறும். நேர்மின் கம்பி வறண்ட நாளில்தான் அதிகம் கேட்கும். குடியிருப்புக்கு அருகில் பாதை வந்தால் இரவு நேர அளவீட்டையும் கேளுங்கள்.

படி 7: மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்

'வேண்டாம்' என்ற மனு அலமாரியில் தூங்கும். 'இந்தப் புல எண்ணிலிருந்து அந்தப் புல எண்ணுக்கு நகர்த்துங்கள், 140 மரமும் ஒரு குட்டையும் தப்பும்' என்ற மனுவுக்குப் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். சர்வே நிலையில் 200 மீட்டர் நகர்த்துவது வரைபட வேலை. அஸ்திவாரம் போட்ட பிறகு அது நடக்காது. பாதை திரும்பும் இடத்தில் கூடுதல் வலுவான டவர் வேண்டும், அதற்குச் செலவு அதிகம் என்பதால் நேர்கோட்டையே விரும்புவார்கள். அதைத் தெரிந்துகொண்டு, ஏற்கெனவே திரும்பும் இடங்களைச் சற்றே மாற்றும் யோசனையைக் கொடுங்கள்.

டவரை வயலின் நடுவிலிருந்து வரப்போரம் நகர்த்துவது, உயரமான டவர் வைத்து மரக்கூட்டத்தைத் தாண்டுவது, பறவைப் பாதையில் உச்சிக் கம்பிக்குச் சுழலும் தட்டுகள் அல்லது சுருள்கள் மாட்டுவது எல்லாம் கேட்கத் தகுந்தவை. தட்டுகள் மோதலைக் குறைக்கும், முற்றிலும் நிறுத்தாது.

நிலத்தடிக் கேபிள் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். 'சாத்தியமே இல்லை' என்பது பொய். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 320 கிலோவோல்ட் நேர்மின் பாதையில் கேரளத்தில் 27 கிலோமீட்டர் நிலத்தடியில்தான் போகிறது. அதே பாதை தமிழ்நாட்டில் தலைக்கு மேல் போகிறது. நம் உழவர்கள் கேட்டதும் இதைத்தான். ஆனால் 400 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தை நீண்ட தூரம் கேபிளில் அனுப்பினால், கேபிளை மின்னேற்றம் செய்யவே அதன் திறன் தீர்ந்துவிடும், சில பத்து கிலோமீட்டருக்கு மேல் கடினம். கேபிளின் மேல் ஆழ வேர் மரம் வைக்க முடியாது. செலவும் பல மடங்கு. எனவே முழுப் பாதைக்கும் கேட்பதைவிட, சாலையோரமாகக் கொண்டு போகக்கூடிய, குளமோ குடியிருப்போ உள்ள குறிப்பிட்ட கிலோமீட்டர்களுக்குக் கேட்பது வலுவான வாதம் என்பது என் கருத்து.

படி 8: சட்டமும் மனுவும்

1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்து அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக மின்தொடர் நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். அதன்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், கையகப்படுத்த மாட்டார்கள். நீங்கள் தடுத்தால் கலெக்டரிடம் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் அனுமதி வாங்கி வேலை செய்வார்கள். அந்த விசாரணைக்கு உங்களை அழைக்கும் நாள்தான், நீங்கள் தயாரித்த தாள்களைக் கொடுக்க வேண்டிய நாள். அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு 'இயன்ற அளவு குறைவான சேதம்' செய்ய வேண்டும், முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. முதல் பாதியை யாரும் வாதாடுவதில்லை. மர எண்ணும் மாற்றுப் பாதையும் கையில் இருந்தால் அதையே பிடித்து வாதாடலாம்.

இழப்பீட்டுக்கு மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில், டவர் நிற்கும் பரப்புக்கு நில மதிப்பில் 200 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு 30 விழுக்காடும் சொல்லப்பட்டன. 2015-இல் இது 85, அதிகபட்சம் 15 என்றிருந்தது. உங்கள் பாதைக்கு எது பொருந்தும் என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு தனி. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

படி 9: மின்சாரம் ஏறிய பிறகு

கம்பியில் மின்சாரம் ஏறியதும் பந்தல் பிரித்த வீடு மாதிரி எல்லோரும் கலைந்துவிடுவார்கள். ஒருவராவது வாரம் ஒரு நாள் பாதைக்கு அடியில் நடக்க வேண்டும். விடிந்தவுடன் போங்கள். அடிபட்டு விழும் பறவையை நாயும் கீரியும் காகமும் சில மணி நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிடும். மதியம் போனால் இறகு மட்டும் கிடக்கும், அந்த இறகையும் படம் எடுங்கள். எந்த இரண்டு டவர்களுக்கு இடையில் என்று டவரில் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பியில் தொங்கும் எதையும் தொடவோ கம்பால் தள்ளவோ வேண்டாம்.

இறந்தது மயில் என்றால் தோகையைக்கூட எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. வலசைக் காலம் முழுவதும் இப்படிக் குறித்தால், எந்த டவர் இடைவெளியில் தட்டுகள் மாட்ட வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரியும். மனுவில் அந்த இரண்டு டவர் எண்களை எழுதி, நோட்டுப் பக்கங்களின் நகலை இணைத்து அனுப்புங்கள்.